கட்டை போடுகிறவர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக எவ்வளவு நேரம் ஆகும்? தூரம் என்னவோ சுமார் 11 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட் பிடித்து, மேற்குத் தொடர்ச்சி மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் அரை மணி நேரம். பென்ட்லி கம்பெனி 2024-ல் வெளியிட்ட கான்டினென்டல் ஜி.டி. ஸ்பீடு காரில் போனால்..? இரண்டே நிமிஷம்! அதன் உச்ச வேகம் மணிக்கு 335 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

கணக்குக்குத்தான் சரியாக வரும். நிஜத்தில் அந்தச் சாலையில் பஞ்சு மூட்டை லாரி போகும். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிள்கள் வரும். பால்கோவா வாங்க ஓரம்கட்டாமலே நிறுத்தியிருக்கும் வேன், 'எனக்கென்ன' என்று நடுரோட்டைக் கடக்கும் ஆடு, எல்லாம் உண்டு. கோடிகளைக் கொட்டி வாங்கிய காரும் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போயாக வேண்டும். நம் ஊரை விடுங்கள். நாட்டின் மிகச் சிறந்த விரைவுச் சாலைகளுக்கே கார்களின் உச்ச வேகம் 120 கி.மீ. என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. அதுவே அதிகம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஆக, 335-ல் பாதியைக்கூட ஓட்டிப் பார்க்க சட்டப்படி இங்கே ஒரு சாலை கிடையாது.

பயன்படுத்தவே முடியாத ஒரு பலத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் நிறுத்திவைப்பது சரியா, தப்பா? இந்த வாரம் இதைக் கொஞ்சம் பேசலாம்.

'உனக்கு வாங்க வக்கில்லை. அதான் எழுதறே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். அந்தக் காரின் ஒரு சக்கரம் வாங்கக்கூட என்னால் முடியாது. ஆனாலும் பொறாமையைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு யோசிக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த 'ஜி.டி.' என்ற இரண்டு எழுத்து. கிராண்ட் டூரிங். 17, 18-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாரீஸ், ரோம் என்று மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பெரும்பயணத்துக்குப் பெயர் 'கிராண்ட் டூர்'. கார்கள் வந்த பிறகு இத்தாலிக்காரர்கள் அதே ஆசையை எடுத்து 'கிரான் டூரிஸ்மோ' என்று காரின் மேல் எழுதினார்கள். 1951-ல் வந்த லான்சியா ஔரேலியா பி20 அந்த வகைக்கு இலக்கணம் சொன்ன கார்களில் ஒன்று. ஐடியா எளிமையானது. பந்தயக் காரின் ஓட்டம் வேண்டும். ஆனால், முதுகு வலிக்கக் கூடாது. பின்னால் பெட்டி வைக்க இடம் வேண்டும். காலையில் ஓர் ஊரில் காபி குடித்தால், ராத்திரி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சாப்பிட உட்காரலாம். அப்போதும் சட்டை கசங்கியிருக்கக் கூடாது!

1952-ல் பென்ட்லி தன் பங்குக்கு 'ஆர் டைப் கான்டினென்டல்' என்ற காரைக் கொண்டுவந்தது. நான்கு பேர் உட்காரலாம், ஏறக்குறைய 190 கி.மீ. வேகம் போகும். அன்றைக்கு அது பெரிய அதிசயம். அந்தக் காரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எஞ்சின் அல்ல, டயர். அந்தக் கால டயர்களால் அந்த வேகத்தில் ரொம்ப கனத்தைத் தாங்க முடியாது. வெடித்துவிடும். அதனால் எஞ்சினியர்கள் உட்கார்ந்து, செட்டியார் கடையில் புளி நிறுக்கிற மாதிரி, ஒவ்வொரு கிலோவாகக் கழித்தார்கள். உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். சீட்டுகளின் எடையைக் குறைத்தார்கள். 'இதுக்கு மேல முடியாதுப்பா' என்று டயர் சொன்ன இடத்தில் வேகம் நின்றது. மொத்தமே 208 கார்கள்தான் செய்தார்கள்.

அதற்குப் பிறகு டயர் வாயை மூடிக்கொண்டது. பென்ட்லி 1998-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போனது. 2003-ல் 12 சிலிண்டர், 6 லிட்டர் எஞ்சின், 560 குதிரை சக்தியோடு கான்டினென்டல் ஜி.டி. வந்தது. வேகம் 318. இருபது வருஷம் ஓடிய அந்த 12 சிலிண்டர் எஞ்சினின் தயாரிப்பை 2024 ஜூலையில் நிறுத்திவிட்டு, எட்டு சிலிண்டரோடு மின்சார மோட்டாரையும் சேர்த்து 782 குதிரைகளைப் பூட்டிவிட்டார்கள். நிற்கிற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட மூன்றே சொச்சம் விநாடி. எடை? இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. அன்றைக்கு கிலோ கிலோவாகக் கழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் டன் கணக்கில் ஏற்றிவிட்டு, அதை இழுக்க இன்னும் குதிரைகளைத் தேடுகிறார்கள். அத்தனை கனத்தை நிறுத்த வேண்டாமா? அதற்கென்று கார்பன் செராமிக்கில் பிரேக் தட்டு தருகிறார்கள். முன் சக்கரத்தில் இருப்பதன் விட்டம் 440 மில்லிமீட்டர். உங்கள் வீட்டு தோசைக்கல்லை விடப் பெரிது.

இப்போது என் தொழில் புத்தி. நான் படித்தது பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் 'ஐடில் கெபாசிட்டி' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். நூறு தறி ஓடக்கூடிய மில்லில் முப்பது தறிதான் ஓடுகிறது என்றால், மீதி எழுபது சும்மா நின்று காசைத் தின்கிறது. ராஜபாளையத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1930-களிலேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூல் ஆலை தொடங்கிய ஊர். பஞ்சு விலைக்கும் கரன்ட் பில்லுக்கும் நடுவே கணக்குப் போட்டே வளர்ந்த ஊர். அந்த ஊர் மில் அக்கவுன்டன்ட் ஒருவரிடம், ''335-ல் ஓடக்கூடியது 60-ல் ஓடினால் என்ன சொல்வீர்கள்?'' என்று கேட்டேன். சிரித்தார். ''சார், 60-ம் எப்பவாவதுதானே ஓட்டுவாங்க. மீதி நேரம் ஷெட்ல. எங்க எம்.டி. கேட்டா மிஷினை வித்துடச் சொல்லுவார்'' என்றார்.

அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். அவர் சும்மா இருக்காமல் ஒரு கேள்வியும் கேட்டார்: ''அப்படிப் பார்த்தா சார், ஆண்டாள் தேர்?''

நியாயமான கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் சுமந்துகொண்டு வீதி சுற்றும். மற்ற நாளெல்லாம் தேரடியில் சும்மா நிற்கும். வெள்ளைக்காரன் நம் தேருக்கு வைத்த பெயரும் 'கார்'தான். தேர் வீதியை 'கார் ஸ்ட்ரீட்' என்று எழுதிவைத்தான், இன்றும் பல ஊரில் பெயர்ப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் காருக்கும் மரச்சிற்பம் என்ன, தோரணம் என்ன, அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஆனால், பயணத்தின் முடிவில் போய்ச் சேருகிற இடம் கிளம்பிய இடமேதான்! கெபாசிட்டி யூட்டிலைசேஷன் பார்த்தால் பென்ட்லி ஆயிரம் மடங்கு தேவலை. எந்த ஆடிட்டரும் தேரைத்தான் முதலில் விற்கச் சொல்வார்.

ஆக, 'பயன்படுத்தாத பலம் வீண்' என்ற வாதம் நிற்காது. உபயோகத்தை வைத்துப் பார்த்தால் கோபுரம், கல்யாணப் பட்டுப்புடவை, பாட்டியின் வெள்ளிக் கூஜா என்று நமக்குப் பிடித்த பாதி விஷயங்கள் அடிபட்டுப் போகும். சும்மா நிறுத்திவைத்துப் பார்த்து ரசிக்கிற சந்தோஷத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அழகான கார் அழகான கார்தான்.

சும்மா இருக்கிற பலம் சும்மாவே இருக்குமா என்பதுதான் என் கவலை.

இதே ராஜபாளையத்தின் பெயரைச் சுமக்கும் நாயைப் பாருங்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ஜாதி. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே போட்டது. இன்றைக்கு வேட்டை ஏது? பங்களா வாசலில் நாலடிச் சங்கிலி. அது நாள் முழுக்க முன்னும் பின்னும் அலைகிறது. ஓடப் பிறந்த உடம்பு உட்காராது. காருக்கு அந்தத் தவிப்பு இல்லை, வருஷம் பூராவும் உறை போட்டு நிறுத்தினாலும் புலம்பாது. தவிப்பு ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கிறது. 782 குதிரையை வாங்கியவருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்குக் காலியாகக் கிடக்கும் பைபாஸைப் பார்த்தால் என்ன தோன்றும்? 'ஒரே ஒரு தடவை...'

புனேயில் 2024 மே 19 அதிகாலையில் அப்படி ஒரு 'ஒரே ஒரு தடவை'. 17 வயதுப் பையன், அப்பா வீட்டு போர்ஷே கார். பைக்கில் போன இரண்டு இளம் எஞ்சினியர்கள் செத்துப்போனார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். அதில் ஒரு நிபந்தனை, விபத்துகளைப் பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுத வேண்டும்! நாடே கொதித்த பிறகு அந்த உத்தரவு மாற்றப்பட்டது.

நமக்கு இதைவிடப் பழைய விபத்து வழக்கு ஒன்று தெரியும். திருவாரூர் வீதி, இளவரசன் ஓட்டிவந்த தேர், ஒரு கன்றுக்குட்டி. கன்று தானாக ஓடிவந்து சக்கரத்தில் விழுந்தது என்றுதான் கதை, பையன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றுகூட இல்லை. ஆனாலும் ஆராய்ச்சி மணி அடித்ததும் மனுநீதிச் சோழன் அதே தேர்க்காலில் மகனை இட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறான். மகனைக் கொல்வது நீதியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. அந்த ராஜாவால் கன்றுக்கு உயிர் தர முடியவில்லை, பசுவின் துக்கத்தைத் தானும் பட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். தண்டனைகள் எல்லாமே இப்படித்தான். ரத்தம் தெருவில் கொட்டிய பிறகு வருகிறவை.

அதற்கு முன்னால் யார் நிறுத்துவது?

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். ஆண்டாள் தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. பொதுவாக மரபான கோயில் தேர்களுக்குக் கிடையாது. வடம் பிடிக்கிற ஆயிரம் கைகளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தேரைத் திருப்புவதும், வேகத்தை அடக்குவதும், வீட்டுச் சுவரில் இடிக்காமல் காப்பாற்றுவதும் சக்கரத்தடியில் வைக்கும் மரக்கட்டை. முட்டுக்கட்டை! பேச்சுவழக்கில் அந்த வார்த்தைக்கு என்ன கதி ஆகிவிட்டது பாருங்கள். 'என் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுறான்' என்கிறோம். தேரைப் பொறுத்தவரை அது இல்லாவிட்டால் முன்னேற்றமே கிடையாது, நேராக எதிர்வீட்டுத் திண்ணைதான்.

பல வருஷம் கட்டை போட்ட பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ''அண்ணாச்சி, பயமா இருக்காதா?'' என்றேன். ''பயம் இருக்கணும்லா தம்பி. பயம் போன அன்னைக்குக் கட்டையைக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிரணும். மேல உக்காந்திருக்கவங்களுக்குச் சக்கரம் தெரியாது. வடம் பிடிக்கவன் முன்னாடி பாத்துட்டுப் போவான், அவனுக்கும் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும்'' என்றார்.

அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் விடவில்லை. தேரில் பிரேக் போடுகிறவர் தேருக்கு வெளியே இருக்கிறார். தரையில், சக்கரத்துக்குப் பக்கத்தில், நசுங்கினால் முதலில் நசுங்கக்கூடிய இடத்தில். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2022-ல்கூட நாகப்பட்டினம் மாவட்டத்தில் முட்டுக்கட்டை போட்ட ஓர் இளைஞர் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். எத்தனை பெரிய தேராக இருந்தாலும், 'நிறுத்து' என்று சொல்கிற உரிமை தெருவில் நிற்கிற ஓர் ஆளிடம் இருக்கிறது. பென்ட்லியில்? தோசைக்கல்லைவிடப் பெரிய அந்த பிரேக்கை மிதிப்பதும், ஆக்ஸிலேட்டரை மிதிப்பதும் ஒரே கால். உலகத்தின் அருமையான பிரேக்தான், சந்தேகமில்லை. அதைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிறவர் மட்டும், போடாவிட்டால் சாகப்போகிறவர் அல்ல.

தேரும் மாறாமல் இல்லை. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுக்க, 1970-ல் மறுபடி ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரும் இரும்புச் சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கும் மாறியது. பின்னாலிருந்து தள்ள புல்டோசரும் வந்தது. நிலைக்கு வந்துசேர நாள்கணக்கில் ஆன காலம் போய், மணிக்கணக்கில் சுற்றி வந்தது. 'பழைய அழகு போச்சு' என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சக்கரத்தடியில் ஓர் உயிர் குறைவாகப் போகும் என்றால் பழைய அழகு போகட்டும்.

தேரைப் பற்றி ரொம்ப உருகவும் கூடாது. முட்டுக்கட்டைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தலித் மக்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று கேட்டதற்காகவே தகராறு மூண்டு, தேர் பல வருஷம் ஓடாமல் நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில், போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. 'எல்லோரும் சேர்ந்து இழுக்கிற தேர்' என்று நான் அழகாக எழுதிவிடலாம். அந்த 'எல்லோரும்' யார் யார் என்று கண்டதேவியில் போய்க் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் காரை நான் வணங்குவேன். ஸ்டீயரிங் யாருடைய ஜாதியையும் கேட்டதில்லை. காசை மட்டும் கேட்கும்.

காருக்கு வெளியே கட்டை போட ஆள் வைக்கவே முடியாதா? முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஜெர்மன் கம்பெனிகளில் சில, '250-க்கு மேல் வேண்டாம்' என்று 1980-களின் கடைசியில் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தன. போர்ஷே அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. வோல்வோ 2020-லிருந்து தன் புதிய கார்கள் 180-ஐத் தாண்டாதபடி செய்தது. தாண்டக்கூடிய எஞ்சினைத் தானே செய்து, தானே கட்டை போட்டது. கட்டைக்கார அண்ணாச்சிக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும், சாலையின் வேக வரம்பைப் பார்த்து எச்சரிக்கும் கருவி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால், அந்தக் கருவியை அணைக்க ஒரு பொத்தானும் இருக்கிறது. கட்டைக்காரருக்குச் சம்பளம் கொடுத்து, 'நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடுகிற பொத்தான்!

நம் ஊர் விதி இன்னும் சுவாரஸ்யம். 2015-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிப்படி பஸ், லாரி போன்ற வாகனங்களுக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்ட விடாத கருவி கட்டாயம். பொத்தான் எல்லாம் கிடையாது. டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி போகக் கூடாது. தனியார் கார்களுக்கு அந்த விதி இல்லை. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு 'பீப்', 120-ஐத் தாண்டினால் விடாமல் 'பீப்', அவ்வளவுதான்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் டிரைவரை அரசாங்கம் நம்பவில்லை, சக்கரத்தடியில் கட்டை போட்டிருக்கிறது. அவரை முந்திக்கொண்டு ஒற்றை ஆளாக 335-ல் பறக்கக்கூடியவரிடம் காதோரமாக 'பீப்' என்கிறது. அதுவும் அவர் காதில் விழ வேண்டுமே... கான்டினென்டல் ஜி.டி.யில் விருப்பப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம், 18 ஸ்பீக்கர், 2,200 வாட்ஸ்.